ஊர்தியின் பாதுகை

கார் வாங்கச் செல்வோர் அதன் நிறத்தைப் பார்ப்பர். இருக்கையின் மென்மையைத் தடவிப் பார்ப்பர். கதவைச் சாத்தி அதன் ஓசையைக் கேட்பர். குனிந்து டயரைப் பார்ப்பவர் அரியர். ஆயினும், அவ்வளவு பெரிய ஊர்தியில் நிலத்தைத் தொடும் உறுப்பு டயர் ஒன்றே. அதுவும் முழுமையாகத் தொடுவதில்லை. ஓடும் காரின் ஒவ்வொரு டயரும் ஒரு நேரத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே ஆகும். அந்த நான்கு உள்ளங்கைப் பரப்பின்மேல் ஒரு குடும்பமே அமர்ந்து மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. பிரேக்கு எவ்வளவு நல்லதாயினும், ஸ்டியரிங்கு எவ்வளவு செம்மையாயினும், அவற்றின் ஆணையை நிலத்திற்கு எடுத்துச் சொல்லும் தூதுவர் அந்நால்வரே. தூதுவர் தளர்ந்தால் ஆணை என்ன ஆகும்?

"தமிழ் கற்பித்துக் காலங்கழித்த பண்டிதருக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் வினவலாம். வினா முறையானதே. எனக்குச் சொந்தமாகக் கார் இல்லை. மிதிவண்டியன்றி வேறெதையும் ஓட்டியறியேன். ஆனால், என்னிடம் புணர்ச்சி விதிகளைப் படித்த மாணவர் பலர் இன்று இராசிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். மாலையில் உலாவச் செல்லும் நான் அவர்களது கார் நிறுத்தத்தைக் கடந்துதான் செல்லவேண்டும். "ஐயா, சிறிது நேரம் உட்காருங்கள்" என்று அவர்கள் ஒரு மரப்பலகையைத் துடைத்து இடுவர். சவாரி வரும்வரை பேச்சு நடக்கும். மழையைப் பற்றித் தொடங்கும். மக்களின் படிப்பைப் பற்றிச் செல்லும். எப்படிச் சென்றாலும் இறுதியில் டயரில் வந்து நிற்கும். உழவனுக்கு மழை எப்படியோ அப்படியே ஓட்டுநருக்கு டயர் என்பதை அப்பேச்சிலிருந்து அறிந்துகொண்டேன். ஒரு காலத்தில் என்னிடம் பாடம் கேட்டவர்கள், பணி ஓய்வுக்குப் பின் எனக்குப் பாடம் சொன்னார்கள். அதனையே இங்கு எழுதுகிறேன்.

என் இளமையில் இப்பகுதியின் மண்சாலைகளில் மாட்டுவண்டிகளே மிகுதி. மரத்தாலான சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இடுவார்கள். பட்டை, சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக அடிக்கப்பட்டிருக்கும். அதனை வறட்டி அடுக்கித் தீயிட்டுச் சிவக்கக் காய்ச்சுவர். காய்ந்த இரும்பு விரியும். விரிந்த நிலையில் குறட்டாற் பற்றிச் சக்கரத்தின்மேல் இறக்கிக் குடங்குடமாய் நீரை ஊற்றுவர். புகையும் ஆவியும் எழ, இரும்பு சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். கொல்லரும் தச்சரும் ஒருங்கு நின்று செய்யும் வேலை அது. அப்பட்டை பல்லாண்டு உழைக்கும். தளர்ந்தால் அதே கொல்லரிடம் கொண்டு செல்லலாம். "உங்கள் வேலை சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அவரும் அடுத்த தெருவில் இருப்பவராதலால் மறுக்கமாட்டார். பொறுப்பேற்பு என்பது அன்று எழுத்தில் இல்லை; ஒரே ஊரில் வாழ்வதில் இருந்தது.

இரும்புப் பட்டை உழைத்தது; ஆனால் உலுக்கியது. அந்த உலுக்கலைப் போக்கியது இரப்பர். மரத்துப் பாலாகிய இரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறையும் நீங்கும் என்பதை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். காற்றடைத்த சக்கரத்திற்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த சான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டியின் அதிர்ச்சியைக் குறைக்க எண்ணிக் காற்றுக் குழாயைச் சுற்றிக் கட்டினார். 1888ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். மகனுக்காகச் செய்த சிறு வேலை மாநிலத்தையே உருளச் செய்தது.

இன்றைய கார் டயரை வெறும் இரப்பர் வளையம் என்று எண்ணுதல் தவறு. உள்ளே ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை நூலிழைகள் குறுக்காகச் செல்கின்றன. அவற்றின்மேல், பட்டன் என்று ஓட்டுநர் வழங்கும் மேற்பரப்புக்கு அடியில், எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் சுற்றிக் கிடக்கின்றன. இவ்வகை டயரைப் பிரான்சு நாட்டு மிசெலின் நிறுவனம் 1946ஆம் ஆண்டில் உருவாக்கியது. ரேடியல் என்பது அதன் பெயர். நூலும் கம்பியும் இரப்பரும் பிரியாமல் ஒட்டியிருக்கும் வரையில்தான் அது டயர். ஒட்டு விட்டால் வெடிப்புத்தான். ஒட்டை அழிக்கும் பகை எது? வெப்பம். டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தி நிமிர்கிறது; அழுந்தி நிமிரும் பொருள் சூடேறும். காற்றுக் குறைந்தால் அழுத்தம் மிகும். பாரம் மிகுந்தாலும் அவ்வாறே. விரைவு கூடினால் இன்னும் மிகும். சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நான்குவழிச் சாலையில் நண்பகற் பொழுதில் ஓடும் காரின் டயரை நிறுத்தியவுடன் தொட்டுப் பார்த்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

எங்கள் நாட்டுப்புறம் டயருக்குப் புதியதன்று. நாமக்கல்லின் லாரித் தொழிலை அறியாதார் இலர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளும் நாடெங்கும் பெயர் பெற்றவை. லாரிக்காரர்க்குச் செலவில் டீசலுக்கு அடுத்த கவலை டயரே. ஆகையால் தேய்ந்த டயரின்மேல் புது இரப்பரை ஒட்டும் கலை இங்கே செழித்தது. அதனை 'ரீபட்டன்' என்று வழங்குவர். ஆங்கிலமும் தமிழும் ஆங்கிலமும் போல ஒலிக்கும் அச்சொல்லை எந்த இலக்கணத்தில் அடக்குவதென்று நான் இன்னும் தெளியவில்லை, ஆனால் சொல்ல எளிது, எல்லார்க்கும் விளங்குகிறது, அது போதும். 1946ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய சென்னை இரப்பர்த் தொழிலகம், 1952ஆம் ஆண்டில் இந்த மேலொட்டு இரப்பரைச் செய்யப் புகுந்துதான் பின்னாளில் டயர் நிறுவனமாக வளர்ந்தது. லாரிக்கு ஒத்த ரீபட்டன் காருக்கு ஒவ்வாது என்பது எங்கள் கார் ஓட்டுநர்களின் உறுதியான கருத்து.

மாணவர்களே! நீங்கள் கல்வெட்டைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். டயரின் பக்கச் சுவரும் ஒரு கல்வெட்டே. படிக்கத் தெரிந்தவனுக்கு அது தன் வரலாற்றை மறைக்காமற் கூறும். '175/65 ஆர் 15 84 டி' என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. 'ஆர்' ரேடியலைக் குறிக்கும். 15 என்பது அது பொருந்தும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 84 என்னும் குறியெண்ணின் பொருள், அந்த ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்பது. 'டி' என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது. ஆயினும் இவற்றைக் காட்டிலும் முதன்மையானது, ஓரத்தில் சிறிதாக நான்கு இலக்கத்தில் இருக்கும் ஓர் எண். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் அது பிறந்தது என்று பொருள். இரப்பர், ஓடாமல் அடுக்கில் கிடந்தாலும் முதுமை அடையும். அலமாரியில் ஐந்தாண்டு உறங்கிய டயரைப் 'புத்தம் புதிது' என்று விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மெய்யும் சொல்லவில்லை.

பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்புத் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமானால் டயரை மாற்றவேண்டும். அம்மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் அதற்குக் குறையலாகாது என்பது 1989ஆம் ஆண்டு மைய மோட்டார் வாகன விதிகளுள் 94ஆம் விதி. பள்ளம் அழகுக்காக வெட்டப்பட்டதன்று. மழைநீர் டயருக்கும் சாலைக்கும் இடையில் தேங்காமல் வெளியேற அதுவே வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் டயர் நீரின்மேல் மிதக்கும். மிதக்கும்போது பிரேக்குக்கும் பயனில்லை, ஸ்டியரிங்குக்கும் பயனில்லை.

ஓட்டுநர்கள் டயரைக் கையால் தடவியே நோயைச் சொல்வார்கள். நாடி பார்க்கும் மருத்துவரைப் போன்ற அவர்களது திறனைக் கண்டு நான் வியந்ததுண்டு. இரு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாயிருந்தால் காற்றுக் குறைவாக ஓடியது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்ப்பாடு கெட்டது. திட்டுத்திட்டாய்த் தேய்ந்தால் சக்கரத்தின் எடை ஒருபுறம் சாய்ந்தது. காற்றை எப்போது அளக்கவேண்டும் என்பதிலும் அவர்கள் கண்டிப்பானவர்கள். விடியலில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்கவேண்டும். ஓடிச் சூடேறியபின் அளந்தால் காற்று விரிந்து பொய் எண்ணைக் காட்டும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதனைப் படியாமல் "முப்பத்தைந்து அடி" என்று பழக்கத்தில் சொல்பவரே பலர்.

ஐந்தாவது டயரைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டெப்னி என்று நாம் வழங்கும் மாற்றுச் சக்கரத்திற்கு அப்பெயர் ஒரு தெருவால் வந்தது. வேல்சு நாட்டு லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டில் டேவிஸ் உடன்பிறந்தார் மாற்றுச் சக்கரத்தை விற்றனர், தெருப்பெயரே பொருட்பெயராயிற்று. மேலைநாட்டார் அதனை மறந்தனர். நாம் விடாமற் பிடித்துக்கொண்டோம். ஆனால் அவ்வெண்ணம் நமக்குப் புதிதன்று. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் செய்தி வருகிறது. அதற்குச் 'சேமவச்சு' என்று பெயர். தகடூர் இன்றைய தருமபுரி. இங்கிருந்து தொலைவில் இல்லை. இதனைச் சொன்னபோது, ஒரு மாணவர் எழுந்து சென்று தம் காரின் பின்புறத்தைத் திறந்து, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். இலக்கியத்திற்கு அவ்வளவு விரைவான பயனை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

இனிப் பொறுப்பேற்புக்கு வருவோம். 'வாரண்டி' என்று கடைக்காரர் சொல்லும் உறுதிமொழி ஒவ்வொரு புது டயரோடும் வருகிறது. அதனை முழுதும் படித்தவர் மிகச் சிலர். செய்யும்போதே நேர்ந்த குறைக்கு மட்டும் நிறுவனம் பொறுப்பேற்கும். ஆணி குத்தினாலும், கல் கிழித்தாலும், பள்ளத்தில் விழுந்தாலும், காற்றுக் குறைவாலும், நேர்ப்பாடு கெட்டதாலும் வரும் கேட்டுக்குப் பொறுப்பில்லை. பொறுப்பேற்றாலும் முழு விலை கிட்டாது. தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தையே தருவர். கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். பொதுவாக, புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்த பள்ளம் 6 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால் விலையில் முக்கால் பங்கை எதிர்பார்க்கலாம். அதையும் புது டயரின் விலையிற் கழிப்பரேயன்றிக் கையிற் பணமாகத் தரமாட்டார்.

ஓட்டுநர் இருவரின் பட்டறிவைக் கேளுங்கள். முதலாமவர் கொல்லிமலைக்கு அடிக்கடி சவாரி செல்பவர். காரவள்ளியிலிருந்து மேலேறும் அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. ஒருநாள் காலையில் அவருடைய முன்டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு புடைப்பு ஒன்று தோன்றியது. டயர் வாங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. கடையில் கொடுத்தார், நிறுவனத்தார் பார்த்து, "மோதலால் உள்ளிழை அறுந்தது, எங்கள் குறையன்று" என்று எழுதித் திருப்பிவிட்டனர். நண்பர்கள் அவரைச் சண்டைக்குத் தூண்டினர். அவரோ அசையவில்லை. "முந்திய இரவு மழையில் ஒரு பள்ளத்தில் இறங்கினேன். இரும்பு வளையம் தரையில் இடித்த ஓசை எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். பள்ளத்தின் விளிம்புக்கும் இரும்பு வளையத்துக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கினால் உள்ளேயுள்ள இழைகள் அறும். அறுந்த இடத்தில் காற்றுத் தள்ளிப் புடைக்கும். நிறுவனம் சொன்னது சரியே. அவர் தம் பணத்தில் புது டயர் வாங்கினார். அன்று அவருக்கு இரண்டு நாள் வருவாய் போயிற்று என்பதையும் நான் அறிவேன்.

இரண்டாமவர் நிலை வேறு. அவர் நான்கு டயரையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினார். பதினோராம் மாதத்தில், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி தடதடவென்று அதிர்ந்தது. சக்கரத்தின் நிறை சாய்ந்ததோ என்று பட்டறையில் சரிபார்த்தார்; அதிர்ச்சி நிற்கவில்லை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது, பின்டயர் இரண்டிலும் மேற்பரப்பு ஓரிடத்தில் மேடிட்டிருந்தது. மேல் இரப்பர் அடியிலுள்ள எஃகுப் பட்டையிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் நெடுஞ்சாலையில் அது உரிந்து பறந்திருக்கும். மறுவாரம் அவர் ஒரு திருமண வீட்டாரைப் பழனிக்கு அழைத்துச் செல்ல ஒப்பியிருந்தார்.

கடைக்காரர் டயரைப் பார்க்குமுன்பே விடை சொன்னார்: "காற்றுக் குறைவாக ஓட்டியிருப்பீர்கள்." ஓட்டுநர் வாதாடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். வாங்கிய நாள், பட்டியல் எண், ஒவ்வொரு டயரின் வார எண், பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்று அளந்த கணக்கு, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நேர்ப்பாடு பார்த்த சீட்டு, எல்லாம் அதில் இருந்தன. காற்றுக் குறைவாக ஓடியிருந்தால் இரு ஓரமும் தேய்ந்திருக்கவேண்டும். தேய்வோ சீராக இருந்தது. மேலும் ஒன்று. பழுதான இரண்டும் ஒரே வாரத்தில் பிறந்தவை. நலமாயிருந்த மற்ற இரண்டும் வேறு வாரத்தில் பிறந்தவை. அதனைக் கண்டபோது எனக்கு ஐயம் நீங்கிற்று.

அவர் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு கடிதம் எழுதவேண்டும். நான் எழுதினால் கோபம் வந்துவிடுகிறது" என்றார். கோபம் இல்லாத கடிதம் ஒன்றை எழுதித் தந்தேன். நடந்ததை நாள்வாரியாக நிறுத்தினேன், பெயரடைகளை நீக்கினேன். முறையீட்டுக்குப் பெயரெச்சத்தைவிட எண் பயன் தரும். நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தார், ஆழம் அளந்தார், படம் பிடித்தார். ஒரு டயரை ஏற்றார். மற்றொன்றை மறுத்தார். காரணம், அதில் முன்பு ஆணி குத்திப் பஞ்சர் ஒட்டியிருந்தது என்பது. பஞ்சர் ஒட்டிய துளைவழி நீர் புகுந்து எஃகுக் கம்பி துருவேறும் என்பது உண்மையே. ஆனால் ஒட்டியது ஒருபுறம். மேடிட்டது அதற்கு நேர் எதிர்ப்புறம். மீண்டும் ஒரு கடிதம் சென்றது: எந்தக் காரணத்தால் விலகியது என்று கண்டீர்கள், துரு இருந்ததா, இருந்தால் அதன் படத்தை அனுப்புக என்று.

விடை வரத் தாமதித்தது. "ஒரு டயருக்கு இவ்வளவு எழுத்தா, ஐயா?" என்று சிலர் நகைத்தனர். அவர்களுக்கு நான் அமெரிக்க நாட்டில் நடந்ததைச் சொன்னேன்.

அந்நாட்டில் 1990களில் ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் என்னும் பெருங்காரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டன. சில டயர்களின் மேற்பரப்பு, ஓடும்போதே உரிந்தது, வண்டி கவிழ்ந்தது, மக்கள் இறந்தனர். வெப்பம் மிகுந்த டெக்சாசு, புளோரிடா, அரிசோனா போன்ற மாநிலங்களில் இது மிகுதியாயிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மட்டும் நேர்ந்த விதி என்று அழுதது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த சாம் பாய்டன் என்பவர், தம் மேசைக்கு வந்த முறையீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். 21 நிகழ்ச்சிகள் ஒரே வகை டயரைச் சுட்டுவதைக் கண்டு 1998ஆம் ஆண்டில் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதினார். அப்போதைக்கு எவரும் அசையவில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊசுட்டன் நகரத் தொலைக்காட்சி ஒன்று இதனை வெளியிட்டது; அதன்பின் முறையீடுகள் குவிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 65 இலட்சம் டயர்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. இறந்தோர் 270 பேருக்கு மேல் என்று அரசு கணக்கிட்டது. டயர் சரியில்லையா, காரில் காற்றைக் குறைத்து வைக்கச் சொன்னது தவறா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டின. முறையீடுகளை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியில் அங்கே சட்டம் இயற்றினர்.

இதனைக் கேட்டபின் நகைத்தவர்கள் நகைக்கவில்லை. மேடிட்ட டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்பவர் தம் வேலையைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அதே வாரத்தில் பிறந்த மற்ற டயர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்தக் குழந்தைகளைச் சுமந்து ஓடுகின்றனவோ! அதனை அறியும் வழி தொழிற்சாலைக்கு முறையீடு ஒன்றே.

நம் நாட்டிலும் வழியில்லாமல் இல்லை. டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது 2009ஆம் ஆண்டு ஆணை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறையால் நேரும் கேட்டுக்குச் செய்தவரும் விற்றவரும் பொறுப்பாவர் என்று தனி அதிகாரமே வகுத்தது. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். எங்கள் மாவட்டத்துக்கு அது நாமக்கல்லில் உள்ளது. பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. "வாடகைக் கார் வணிகமல்லவா? எனக்கு அச்சட்டம் செல்லுமா?" என்று ஓர் ஓட்டுநர் கூர்மையாகக் கேட்டார். வணிகத்திற்கு வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பதற்கென்றே வாங்குபவரைச் சட்டம் விலக்கவில்லை. தன் காரைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் அவ்வகையினர். ஆணையத்துக்குச் செல்லுமுன் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் முறையிடவும் செய்யலாம்.

ஒரு தீமையையும் சொல்லாமல் விடலாகாது. பழைய டயர் விற்பவருள் சிலர், வழுக்கையான டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டிக் கறுப்பு மை பூசிப் புதிதுபோற் காட்டுவர். பள்ளம் ஆழமாய்த் தோன்றும். ஆனால் அதற்கு அடியில் எஃகுக் கம்பியைக் காக்கும் இரப்பர் ஒரு தாள் அளவே இருக்கும். நகத்தால் கீறினால் மை வரும். வார எண்ணைப் பார்த்தால் வயது தெரியும். இப்படி வெட்டிய டயருக்கு உறுதிமொழி ஏது? விற்றவரையே மறுநாள் காணமுடியாது.

ஐந்து வாரம் கழித்து அந்த இரண்டாம் ஓட்டுநருக்கு விடை வந்தது. நிறுவனத்தின் மேலாய்வாளர் டயரை அறுத்துப் பார்த்ததாகவும், கம்பியில் துரு இல்லை என்றும், அதனையும் ஏற்றுக்கொள்வதாகவும் இரண்டே வரியில் எழுதியிருந்தனர். தேய்வுக்குக் கால் பங்கைக் கழித்தனர். மிச்சத்தைக் கட்டிப் புது டயர் இரண்டை வாங்க அவர் கடைக்குச் சென்றபோது நானும் உடன்சென்றேன். பையன் டயர்களை உருட்டிக்கொண்டு வந்து, மேலே சுற்றியிருந்த தாளைக் கிழிக்கக் கை வைத்தான். "இரு தம்பி" என்று ஓட்டுநர் தடுத்தார். குனிந்து இரண்டிலும் வார எண்ணைப் படித்தார். ஒன்று அவ்வாண்டில் பிறந்தது. மற்றொன்றுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தது. கடைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, உள்ளே சென்று வேறொன்றை எடுத்து வந்தார்.